நடத்தை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்

என்னைக் கடைசிவரை பாப்பா என்றே கூப்பிட்ட அண்ணனுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லத் தைரியமில்லாததை இப்போது எழுதுகிறேன். வெட்கக்கேடுதான்.

எண்பதுகளின் நடுவில், நான் திண்டிவனத்தில் ஒன்பதாவது படித்தேன். நீ பன்னிரண்டாவது முடித்து, விழுப்புரத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தாய். அதற்காகத் தலைமையாசிரியரிடம் நடத்தைச் சான்றிதழ் வாங்கி வந்தாய். சனிக்கிழமைகளில் நம் காலனிப் பிள்ளைகள் அவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போக வேண்டும். “பரீட்சைக்குப் படிக்கணும் சார், நான் வர்ல” என்று சொன்னவன் நீ ஒருவன்தான். அவர் மறக்கவில்லை.

“இன்னா பாப்பா எழுதிக்கிறாரு?” என்று காகிதத்தை நீட்டினாய். நடத்தை என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘பெக்யூலியர்’ என்று மட்டும் இருந்தது. கையகராதியில் பார்த்தேன். ‘தனக்கே உரிய’ என்பது முதல் பொருள். அதோடு மூடிவிட்டு, “உன்ன மாதிரி வேற ஆளே இல்லன்னு எழுதிக்கிறாருண்ணா” என்றேன். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

அடுத்த பொருள் ‘விசித்திரமான’.

நேர்காணல் முடிந்து வந்து, “எடம் இல்லியாம் பாப்பா. சர்டிபிகேட்டு நல்லாகீதுன்னாங்க” என்று சிரித்தாய். அதன் பிறகு நீ எந்த மனுவும் போடவில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்கி என்னை ஆங்கிலம் படிக்க வைத்தாய்.

கல்லூரி நூலகத்தின் பெரிய அகராதியில்தான் அந்தச் சொல்லின் வேரைப் பார்த்தேன். லத்தீனில் அது முதலில் கால்நடை. மாடுதான் சொத்து என்பதால் பிறகு சொந்தச் சொத்து, அப்புறம் ஒருவனுக்கே உரிய தன்மை, கடைசியில்தான் விசித்திரம். அடிமை தனக்கென்று வைத்துக்கொள்ள எஜமான் விட்ட கொஞ்ச உடைமைக்கும் அதே வேர்தானாம். நமக்கோ ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை. உனக்கென்று இருந்தது ‘வர்ல’ என்ற அந்த ஒரு பேச்சுதான். அதைத்தான் அந்த ஆள் விசித்திரம் என்று எழுதினான். அதைப் பாராட்டு என்று உன் கையில் கொடுத்து அனுப்பியவள் நான்.

நீ கடைசியாகப் படுத்திருந்த முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், “அண்ணா, அந்த சர்டிபிகேட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“அத இன்னும் நெனச்சிக்கினு இருக்கியா? நீ சின்னப் பொண்ணு, உனுக்கு இன்னா தெரியும். ஜல்தி கெளம்பு, பஸ்ஸு போயிடும்” என்றாய்.

ஆக, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணா, ஏன் திட்டவில்லை?

இப்போது நானும் தலைமையாசிரியை. என் மேசையிலிருந்து போகும் ஒவ்வொரு சான்றிதழையும் அந்தப் பிள்ளைக்குத் தமிழில் முழுதாகப் படித்துக்காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன். இது சத்தியம். உனக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பாதி அர்த்தம் சொன்ன உன் தங்கை,
பாப்பா