சேவ் போட்டியா என்று நீ கேட்டாய்

ஸ்ரீரங்கம்,
14.11.2024

அன்புள்ள அருள்ராஜுக்கு,

நல்லுசாமி எழுதுவது. மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே ஒரு வாரமாக மழை. என் வீட்டில் வேணியும் குழந்தையும் நலம். இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் உன் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

அப்பா அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. லீவு கிடைக்காததை நானே எல்லாரிடமும் சொன்னேன். அவரிடம் கணக்குப் படித்தவர்களே நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேலப்புதூர் தெருவில் நிற்க இடமில்லை. நானும் தோள் கொடுத்தேன். கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் விழுந்ததே, அது உன் தப்பு இல்லை. என் தப்பு. மறுபடி படித்துப் பார்க்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

உனக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் நேற்று உன் அம்மாவிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே எழுதுகிறேன். கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் நாம் அடிக்கும் மாற்றம் அப்போதே வேலை செய்யும். சேவ் கொடுக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஐசியுவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது லேபிலிருந்து அங்கே ரிப்போர்ட் போகும் பாதையை நான்தான் அமைத்தேன். ஏதாவது கோளாறு வந்தால் ரீஸ்டார்ட் செய்து பழையபடி கொண்டுவரலாம், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று சேவ் கொடுக்காமல் வைத்திருந்தேன். நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே. சாயங்காலம் நீ போனில், சேவ் போட்டியா என்று கேட்டாய். மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். போட்டாச்சுப்பா என்றேன். மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் அது நினைவிலேயே இல்லை.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. ஜெனரேட்டர் சோதனை செய்த அன்று சுவிட்ச் அணைந்து எழுந்தது, பாதை போய்விட்டது. டியூட்டியில் நீ இருந்தாய். நாற்பது நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்தாய். வேறு யாராக இருந்தாலும் அரை நாள் ஆகியிருக்கும். அதற்குள் ஒரு பெரியவருக்கு ரத்த ரிப்போர்ட் நேரத்துக்குப் போகவில்லை, அன்றே இறந்துபோனார். ரிப்போர்ட் தாமதம்தான் காரணமா என்று டாக்டர்களே உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அணைந்து எழுந்ததில் சுவிட்சில் என் பழைய பதிவெல்லாம் அழிந்து, சரிசெய்யப் புகுந்த உன் லாகின் மட்டும்தான் இருந்தது. உன் மேல் பழி போட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அன்றே தெரியும் அருள். வேணிக்குப் பிரசவம் ஆகட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு குழந்தைக்குக் காது குத்தி முடியட்டும் என்றிருந்தேன். அதற்குள் நீ விமானம் ஏறிவிட்டாய். உன் அசட்டையால் ஓர் உயிர் போனது என்று நம்பி உன்னோடு பேச்சை நிறுத்திய உன் அப்பா, கடைசிவரை பேசவே இல்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே இருந்தீங்களே தம்பி, பாத்து செய்யிடான்னு நீங்களாவது அவன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். சொல்லியிருக்கணும் சார் என்றேன். அந்த நாக்கு அழுகிப் போக வேண்டாமா?

நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. சொல்லி அனுப்பும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். வேணி இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை.

உன் அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு மாசம் முன்னாடி வந்து இதை அவரு காதுல போட்டிருக்கலாமே தம்பி என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். நீ வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க என்று நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டுவாராம். நீ வைத்ததும், என்ன சாப்பிட்டானாம் என்று கேட்பாராம். நீ போனதிலிருந்து இப்படித்தானாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

இருபத்தாறாம் தேதி முப்பதாம் நாள் பூசை. எப்படியாவது லீவு வாங்கி வந்துவிடு. பூசை முடிந்து கல்லறைக்குப் போகும்போது, நீ தப்புச் செய்யவில்லை என்று அவரிடம் சொல்லிவிடு. நான் போய் நின்றேன், வாய் வரவில்லை. நீ வருவதாக இருந்தால் அன்று நான் அந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்.

உன் வேளாங்கண்ணி மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
நல்லுசாமி