இரண்டேகால் அடி

நானா, நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் உங்கள் மகன் கிள்ளானுக்கு என்னைத் தேடி வந்தான். செய்தித்தாளில் சுற்றிய நீண்ட பொருளொன்றை என் முன் வைத்துப் பிரித்தான். இரு முனைகளிலும் பித்தளைப் பூண் போட்ட, துணி அளக்கும் உங்கள் தேக்குக் கோல். நீங்கள் பிடித்துப் பிடித்து நடுப்பகுதி மட்டும் கறுத்திருந்தது.

"சுபாங் ஜெயால புதுக் கடை தொறக்கப் போறேன் லெப்பை மாமா. இத கண்ணாடி ஃபிரேம்ல மாட்டி, கீழ 'நேர்மையின் அளவு'ன்னு பித்தளைல எழுதப் போறேன். கஸ்டமர் உள்ள வந்ததும் வாப்பாவோட கையப் பாத்த மாதிரி இருக்கணும். ஒரு துஆ ஓதிக் குடுங்க."

அறுபது ஆண்டுகளாகப் பள்ளிவாசலில் ஓதிப் பழகிய நான், கையேந்தாமல் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கோலின் கதையை அவன் அறியான். நீங்களும் நானும் அறிவோம். மறைவானவை அனைத்தையும் அறிந்தவன் அறிவான்.

நாடு கஜத்தை விட்டு மீட்டருக்கு மாறிய காலம் அது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் உங்கள் சிறிய துணிக்கடை. வருகிறவர்கள் எல்லாரும் குழம்பினார்கள். "இது கஜமா, மீட்டரா பாய்?" என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் லா, பேருதான் மாறிருக்கு" என்பீர்கள். தொடக்கத்தில் நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள். விலைப் பலகை மீட்டருக்கு மாறியது, கோல் மாறவில்லை. மீட்டரைவிடக் கஜம் மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு என்று தெரிந்த பிறகும் சில மாதங்கள் அதே கோலால் அளந்தீர்கள்.

ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல் கடையில் ஓதுவதற்காக வந்து, தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். மகளின் பள்ளிச் சீருடைக்கு நீலத்துணி எடுத்திருந்த பெண்ணொருத்தி திரும்பி வந்தாள்.

"மூணு மீட்டர் வாங்குனேன் பாய். தையக்காரரு துணி பத்தலங்குறாரு."

"பசில அவரே கொஞ்சம் தின்னுட்டாரு போல" என்றீர்கள். கடையே சிரித்தது. அவள் துணியை நான்காய் மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று அந்தி மஃரிப் தொழுகையில் நான் ஓத நேர்ந்தவை, அளவில் குறைப்போரை எச்சரிக்கும் வசனங்கள். எண்ணி ஓதினேனா, தானாக வந்தனவா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. தொழுகை முடிந்தும் முதல் வரிசையில் நீங்கள் எழவே இல்லை. "அந்தப் பொம்பளயத் தேடணும் லெப்பை" என்றீர்கள். மறுநாளே மீட்டர் கோல் வாங்கினீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தையற்கடைகளில் ஏறி இறங்கினீர்கள். அவள் கிடைக்கவில்லை.

"கோல ஒடிச்சுப் போடுங்க நானா" என்றேன்.

"கண்ணுல பட்டுக்கிட்டே கெடக்கட்டும். அப்பத்தான் பயம் இருக்கும்" என்று அலமாரியின் மேல் ஏற்றி வைத்தீர்கள்.

அதன்பின், இறந்த ஏழைகளைப் பொதியும் கஃபன் துணி உங்கள் கடையிலிருந்தே இலவசமாக வந்தது. அளவுக்கு மேல் எப்போதும் ஒரு சாண் இருக்கும். நான் "எட்டு" என்று மட்டும் சொல்வேன். எட்டு மீட்டரும் ஒரு சாணும் வரும். அளவின் பெயரைச் சொல்லும் தேவை நமக்குள் இருக்கவில்லை.

சென்ற ஆண்டு நீங்கள் மௌத்தான காலையிலும் பழக்கம் மாறாமல் உங்கள் மகனிடம் தொலைபேசியில், "கஃபனுக்கு எட்டு எடுத்துட்டு வாப்பா" என்றேன். நானா, எந்தக் கோலால் அளப்பது என்று சொல்லாத பிழை என்னுடையது. மீட்டர் காலத்தில் பிறந்தவன் அவன். உங்கள் கோலும் மீட்டர்தான் என்றே எண்ணியிருந்தான். அன்பினால் அதை அலமாரியிலிருந்து இறக்கினான்.

பள்ளிவாசலின் பின்னறையில் வழக்கப்படி கஃபனைச் சுற்றிக் கட்டும் துண்டுகளை முதலில் கிழித்தேன். ஆணுக்கு மூன்று துணிகள் வேண்டும். எட்டடியில் இரண்டை வெட்டினேன். மூன்றாவதை விரித்தபோது, ஆறடியைத் தாண்டிய உங்கள் உயரத்துக்குக்கூட அது எட்டவில்லை.

கூட இருந்து குளிப்பாட்டியவர் மெதுவாகச் சொன்னார்: "லெப்பை, துணி பத்தல."

அதே சொல்.

"சரியாத்தான் மாமா அளந்தேன்" என்று உங்கள் மகன் அழுதான். "வாப்பாவுக்கு வாப்பா கோலாலயே அளந்தேன்."

எட்டு மீட்டருக்கும் எட்டுக் கஜத்துக்கும் இடையில் இரண்டேகால் அடி. மனத்துக்குள் கணக்கிட்டேன். நான் ஹஜ்ஜிலிருந்து திரும்பியபோது எனக்கென்று நீங்கள் வெட்டித் தந்த மூன்று கஃபன் துணிகள் வீட்டில் இருந்தன. நடந்து போய் அவற்றில் ஒன்றை எடுத்து வந்தேன். எனக்காகச் சாண் கூட்டி அளந்த துணியே உங்களை மூடியது.

அது தண்டனையா, மன்னிப்பா? வேதத்திலும் பழந்தமிழ்ச் செய்யுளிலும் என் ஆயுள் கழிந்தது. இரண்டும் எனக்கு விடை தரவில்லை. உங்கள் குறை வெளிப்பட்டதும் அந்த அறையில்தான். அது மூடப்பட்டதும் அந்த அறையில்தான். அதற்கு மேல் சொல்ல நான் யார்?

நேற்று உங்கள் மகன் கைகளை ஏந்தியபடி காத்திருந்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் மறைத்து அழுத ஒன்றை உங்கள் பிள்ளைமுன் திறக்க மனம் துணியவில்லை. அதற்காக அந்தப் பித்தளை எழுத்துக்களுக்கு துஆ ஓதவும் முடியவில்லை.

"இத எனக்குக் குடுத்துரு வாப்பா" என்றேன்.

"ஒங்களுக்கா மாமா? எதுக்கு?"

"கண்ணுல பட்டுக்கிட்டே கெடக்கட்டும்."

கோலை முத்தமிட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது என் அலமாரியில், மீதமிருக்கும் இரண்டு கஃபன் துணிகளின்மேல் அது கிடக்கிறது. மூன்றாவதை நான் இன்னும் வாங்கவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் நீலத்துணியை நான்காய் மடிக்கும் அந்தக் கைகளே தெரிகின்றன. அன்று கடையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன், நானா. நீங்களாவது அவளைத் தேடினீர்கள்.