சஹனில் தள்ளிவைத்த கறித்துண்டு

லாத்தா, சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் நெய்ச்சோற்று மணம் போகவில்லை. நேற்று கடலூரில் நம் சின்ன மாமா வீட்டுக் கல்யாணம். இன்று சிதம்பரத்தில் ஒரு டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதெல்லாம் சும்மா. ஜன்னல் வரை போகிறேன், வருகிறேன். "காலுல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று இந்தத் தங்கையைக் கேலி செய்வாயே, அந்தச் சக்கரம் இன்னும் நிற்கவில்லை. உள்ளே இருப்பது என் மகள் நிஷா. நீ பார்க்காத பிள்ளை.

நேற்று நாலு பேராக ஒரே தாம்பாளத்தைச் சுற்றி சஹனில் உட்கார்ந்தோம். நிஷா தன் பக்கத்துக் கறித்துண்டை விரலால் மெல்ல என் பக்கம் தள்ளினாள். "நீங்க சாப்புடுங்க உம்மா." மாமிக்கு ஒரே பூரிப்பு. "பாரேன், புள்ளைக்கு என்னா தாராள மனசு! அப்புடியே அவ பெரிம்மா மாதிரி!"  அதன்பிறகு எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஆமாம், உன்னைப் போலத்தான். நீயும் எல்லோர் பக்கமும் தள்ளினாய், எல்லோரும் புகழ்ந்தார்கள். நாலு கை விழுகிற தட்டில் யார் தின்றார், யார் வெறுமனே பிசைந்தார் என்று எவருக்குத் தெரியும்? ரமலான் முடிந்தும், கட்டாயமில்லாத நாட்களிலும் நீ நோன்பை விடவில்லை. "எம் பொண்ணு சுன்னத்து நோன்பு ஒண்ணுகூட உடமாட்டா" என்று உம்மா தெருவெல்லாம் பெருமையடித்தாள். உடம்பை மூடிய வெள்ளைத் துப்பட்டிக்குள் நீ எலும்பாகிக்கொண்டிருந்தாய். அடிப்பாவி, எவ்வளவு அழகாக எங்களை ஏய்த்தாய்!

நீ மயங்கி விழுந்தபிறகுதான் இதே ஊருக்குத் தூக்கி வந்தோம். "இது திமிரா டாக்டர்?" என்று கேட்டார் வாப்பா. அந்தப் பெரிய டாக்டர் தலையாட்டினார். "திமிரு இல்ல பாய். சாப்பாட்டப் பாத்தா நம்ம மூளைல ஆசை கெளம்பும். டோபமைன், செரோடோனின்னு சில ரசாயனம் இருக்கு. இந்தப் பொண்ணுக்கு அதெல்லாம் வேற மாதிரி வேலை செய்யுது. ஆசை வர்ற எடத்துல பயம் வருது. பட்டினி கெடந்தா பயம் கொறையுது. அதனால பட்டினியையே மருந்துன்னு மூளை நெனச்சுக்குது." குடும்பத்தில் இன்னொருவருக்கும் வரலாம் என்றார். அந்த ஒரு வார்த்தை இத்தனை வருஷமாக என்னை நிம்மதியாகத் தூங்க விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து சொன்னாய்: "பசிக்காமலா இருக்கு? பசிக்குதுடி. சோத்தப் பாத்தா நெஞ்சு படபடங்குது. வயிறு காலியா இருந்தாத்தான் மனசு அடங்குது." அதைச் சொல்ல உனக்கு வாய் வந்தபோது உடம்பு கைவிட்டிருந்தது. சில நாளில் இதயம் நின்று மவுத்தாகிப் போனாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மூளையில் சுரப்பதன் மேல் கோபப்பட்டு என்ன பயன்? இருந்தும் வருகிறதே!

கதவு திறந்துவிட்டது. கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து தொடர்கிறேன். இப்போதிருக்கிற டாக்டர் சின்னப் பெண். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, நல்லது. சாப்பாடுதான் மொத மருந்து. பட்டினி கெடக்குற மூளைக்குப் புத்தி சொன்னா ஏறாது. தனித் தட்டுல வைங்க. திட்டாதீங்க, கூட ஒக்காருங்க" என்றார். காலையில் "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் டென்ஷன் ஆவுறீங்க" என்று கத்திய நிஷா, பஸ் கடலூரை நெருங்கும்போது என் கையைப் பிடித்தாள். "சாப்புட்டா பயமா இருக்கு உம்மா." நீ கடைசியில் சொன்னதை இவள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள், லாத்தா. பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

மதியம் தனித் தட்டு வைத்தேன். கறித்துண்டை என் தட்டுக்குத் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி தள்ளினாள். மறுபடி நானும். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு; பிறகு கண்ணீர். சோறு ஆறிப்போய்விட்டது. ஒரு வாய் உண்டாள், அடுத்த வாயை இன்னும் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

அடுப்படியில் பால் பொங்குகிற வாசம் வருகிறது. பொங்கட்டும். உன்னோடு உட்கார ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. இவளோடு உட்கார எனக்குத் தெரியும். காலிலிருந்த சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன், லாத்தா.