வலது பக்கம் திரும்பினால் வரும் சத்தம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம், காரும் நலம். ஸ்டேஷனுக்கு அப்பாவோடு பெரியப்பாவும் வருவாரா என்று நீ தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் பழைய கார் நான்கு மாதமாக வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் 'டக் டக் டக்' என்றது. மெக்கானிக் வலது சக்கரத்தைக் கழற்றி ஏதேதோ மாற்றினார். சத்தம் போகவில்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா? வலது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். பக்கத்து மருந்துக் கடைக்கு இடது, இடது, இடது என்று மூன்று தெரு சுற்றிப் போனோம். எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

ஆனால் நம் தெருவுக்குள் நுழைய வலது பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த முனையில்தானே பெரியப்பா வீடு! "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன், இந்த வண்டி வேண்டாம்டா" என்று அவர் தடுத்தும் கேட்காமல் அப்பா வாங்கியதில்தான் இருவருக்கும் ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சத்தம் அவருக்குக் கேட்டால் மானம் போய்விடுமாம். அதனால் முனை வந்ததும் அப்பா ஹாரனை விடாமல் அழுத்துவார். தெருவே எங்களைத் திட்டியது.

போன மாதம் ஹாரன் கெட்டுப்போனது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா, எழுந்து வந்து கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம், "அவன்கிட்ட சொல்லும்மா, வலது பக்கம் திருப்பினா பாரம் இடது சக்கரத்துலதான் விழும். கோளாறு அங்கதான்" என்றார். அப்பா இறங்கி, "நீயே ஓட்டிப் பாருண்ணா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளி மைதானத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் காதைச் சாய்த்தபடி கூடவே ஓட, பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி! பெரியப்பா சொன்னதே சரி. இடது சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, உள்ளே மண் புகுந்திருந்தது. புதிது மாட்டியாயிற்று. இப்போது துளிச் சத்தம் இல்லை.

ஆனால் அதை இருவரும் ஒப்புக்கொள்வதில்லை. "லேசா இருக்குல்ல?" என்கிறார் ஒருவர். "இருக்கு, இருக்கு" என்கிறார் மற்றவர். தினமும் சாயங்காலம் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது சிரிப்புதான் முனையிலிருந்தே கேட்கிறது.

பன்னிரண்டாம் தேதி இருவருமே உன்னை அழைக்க வருகிறார்கள். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று நீ இனித் தவிக்க வேண்டாம். நன்றாக இரு கண்ணே, பத்திரமாக வந்து சேர். எனக்காக ஒரே ஓர் உதவி செய். வண்டி முதல் தடவை வலது பக்கம் திரும்பும்போது, "என்னமோ சத்தம் கேட்குதேப்பா" என்று சொல்லிவிடு.

வாசலையே பார்த்திருக்கும்
உன் அம்மா