நூல் புகவேண்டா என்ற ஆணை

மழை மாதம் தவறாது பெய்க. ஏரிகள் கரை உடையாது நிறைக. நலம் பெருகுக.

குன்றை நாட்டை ஆண்ட நெடுமுடியாரின் மகளும், கலைமான் கொடியுடையவளும் ஆகிய அரசி தேவநங்கை, தாழைத்துறைச் சிறைக்கோட்டத்தின் தலைவர் மாறன் வெண்காடனாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உம் காவலர்க்கும், உம் காவலில் உள்ளோர்க்கும் நலம் உண்டாகுக. காவலில் உள்ளோரையும் சேர்த்து வாழ்த்தும் வழக்கம் இதற்குமுன் இல்லை. இனி உண்டு.

இவ்வோலையுடன் உம் வாயிலில் நிற்பவள் நாகசிரி. அவள் கணவன் சாந்திசேனன் உம் சிறையில் இருக்கிறான். ஊர்ச்சபையின் சொல்லை மீறி ஏரி மதகைத் திறந்து, கீழ்ப்புலத்து நாற்றையெல்லாம் நீரில் அழுத்தியது அவன் குற்றம். அதை அவனும் மறுக்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. முறை கேட்கும் நாளில் அவள் நம் முன் வந்தபோது, கணவனை விடுவிக்க வேண்டுவாள் என்று எண்ணி, இயலாது என்ற மறுமொழியை ஆயத்தமாக வைத்திருந்தோம். அவள் அதைக் கேட்கவே இல்லை. அவனுக்கு மகோதரம் முற்றி வயிறு வீங்கிக் கிடக்கிறது என்றும், மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்றும், அருகனை வணங்கும் சமணனாகிய அவன் தன் அறவுரை ஏட்டைக் கையில் வைத்தபடி கண்மூட விரும்புகிறான் என்றும், அந்த ஏட்டை நீர் வாயிலிலேயே மறித்துத் திருப்புகிறீர் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு அழாமல் நின்றாள். அழுதிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே, வெண்காடனாரே, இவ்விடத்தில் வாசிப்பதை நிறுத்துக. அவளையும் அவள் கையிலுள்ள ஏட்டையும் உள்ளே விடுக. விட்டபின் வந்து எஞ்சியதை வாசிக்க. எஞ்சியது உமக்கானது, அது காத்திருக்கும்.

நாம் அனுப்பிய அதிகாரியிடம் நீர் உரைத்த விடை நம் செவிக்கு வந்தது. சிறைக்கோட்டத்துள் நூல் புகவேண்டா என்பது நம் தந்தையாரின் ஆணை என்றும், அதனை ஓர் எழுத்தும் பிசகாமல் காத்து வருவதாகவும் உரைத்தீர். காலைதோறும் ஓதப்படும் பதிகங்கள் பாட்டாகுமே அன்றி நூலாகா, ஆதலால் அவற்றின் ஓலைகளைச் சிவநெறிக் கைதிகள் வைத்துக்கொள்ளத் தடையில்லை, அருகரின் ஏடோ நூலாகும் என்றும் பிரித்துக் காட்டினீர். சாந்திசேனன் திருநீறு பூசி ஓதும் வரிசையில் வந்து நின்றால் அவனுக்கும் வாசிக்க ஓலை கிடைக்கும் என்று பரிவோடு எடுத்துச் சொன்னதாகவும் கூறினீர். பரிவு என்பது உம் சொல்.

நாமும் திருநீறு பூசுபவரே. நம் நெற்றியில் இருப்பதைச் சாகக் கிடப்பவன் ஒருவனிடம் விலையாகக் கேட்டிருக்கிறீர் என்று அறிந்த அன்று, பூசையில் நம்மால் நிற்க இயலவில்லை. பாதியில் விலகி வந்துவிட்டோம்.

அந்த ஆணை பிறந்த கதையை நீர் அறியீர். நாம் அறிவோம், அன்று தந்தையாரின் அருகில் இருந்தோம். அக்காலத்தில் கைதிகள் பஞ்சு நூற்கும் வேலை செய்துவந்தனர். அவர்களுள் ஓர் இளைஞன், தான் நூற்ற நூலையே முறுக்கிக் கயிறாக்கித் தூக்கிட்டு மாண்டான். அச்செய்தி வந்த நாளில் தந்தையார் சோறு தொடவில்லை. தம் காவலில் இருந்தவன் தம் பிள்ளைக்கு ஒப்பானவன் என்று சொல்லிச் சொல்லி வருந்தினார். நூல் புகவேண்டா என்று அவர் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். அவர் தடுத்தது பருத்தி நூலை. கைதியைச் சாவிலிருந்து காக்கப் பிறந்த சொல், சாகிறவனுக்கு ஆறுதலை மறுக்கும் சொல்லாக உம் வாயிலில் மாறிக் கிடக்கிறது. நீர் கெட்டவர் என்று நாம் எண்ணவில்லை. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்க, உமக்குப் பிடித்தவர்க்கு ஒன்றும் பிடியாதவர்க்கு மற்றொன்றுமாக எடுத்துக்கொண்டீர். தந்தையார் இதைக் கேட்க உயிரோடில்லை என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தோம், தேறவில்லை.

இனி நம் ஆணை கேளும். எந்நெறியைச் சேர்ந்த கைதியும் தன் நெறியின் ஏட்டைக் கேட்டால் கொடுக்கப்பட வேண்டும். எந்நெறியும் வேண்டாதவன் கதையோ கணக்கோ மருத்துவமோ கேட்டாலும் அவ்வாறே. ஓதும் வரிசையில் நிற்பதும் நில்லாததும் அவனவன் விருப்பம். நில்லாதவனுடைய சோற்றிலோ நீரிலோ வெயில் காயும் பொழுதிலோ குறைவு வரலாகாது. ஏட்டை வாயிலில் விரித்து, உள்ளே கத்தி உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள அறம் எவருடையது என்று பார்க்க உமக்கு உரிமையில்லை. ஏட்டைக் கோத்திருக்கும் கயிற்றை மட்டும் உருவி வாயிலில் வைத்துக்கொள்ளும். தந்தையார் தடுத்த நூல் அதுதான்.

இவ்வாணை தாழைத்துறைக்கு மட்டுமன்று, குன்றை நாட்டின் எல்லாச் சிறைக்கோட்டங்களுக்கும் செல்க. நாம் சொல்லக் கேட்டு, அரண்மனை எழுத்தர் தலைவராகிய ஓலைநாயகம் எழுதினார். அரக்கு உருக்கிக் கலைமான் இலச்சினை இட்டோம்.

இலச்சினைக்குக் கீழே நம் கையால் எழுதுவது. தாழைத்துறை நெடுந்தொலைவு, வழியில் ஆறும் பெருகியிருக்கிறது. அவள் வந்து சேருமுன் அவன் இறந்திருக்கலாம். இறந்திருந்தாலும் அவளையும் ஏட்டையும் திருப்பி அனுப்பாதீர். அவன் உடலருகே அந்த ஏடு முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலை வரை வாசிக்கப்பட வேண்டும். வீட்டில் அவன் வாசிப்பானாம், அவள் கேட்டிருப்பாளாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

நீர் வாசியும்.