மணி அடிக்கும் முன் வந்த பந்து

கிளென்டார்வி
ஆகஸ்ட் 9, ஞாயிறு

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு அம்மா எழுதுவது. அங்கே கனடாவில், கால்கரியில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், நான் சுகம், நாயும் சுகம். உன் டங்கன் மாமாவின் இடது கண்தான் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வியாழக்கிழமை போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ பேசியதைக் கேட்ட பிறகு வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து வைத்துவிட்டேன். மாமா கோல்ஃப் மைதானத்தில் மணியை அடித்துவிட்டு மறுபடியும் பந்துக்குக் குறுக்கே போனாராமே, அவருக்கும் வயசாகிறது, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லம்மா என்றாய். உன் வருங்காலப் புருஷன் ஏட்ரியன் சொன்னானாம், அவனுக்கு அவன் அப்பா சொன்னாராம். நானும் அங்கேதானடி நின்றேன் என்றதற்கு, காற்றில் உனக்கு மணி கேட்டிருக்காது என்றாய். எனக்கு முழங்கால்தான் போயிருக்கிறது, காது போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

சம்பந்தி வீட்டார் தெற்கே இங்கிலாந்தின் சர்ரேயிலிருந்து இவ்வளவு தூரம் காரில் வருகிறார்களே என்று நான் ஒரு வாரம் வீட்டைத் துடைத்தேன். வந்த முதல் நாள் ராத்திரி ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, நம் தோட்டத்துப் பட்டாணி. அந்த நைஜல் மனுஷன் இரண்டு தடவை தட்டை நீட்டினார், அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு முடித்து, இங்கே கோல்ஃப் மைதானம் இருக்கிறதாமே, நாளைக்கு ஒரு ரவுண்டு போகலாமா என்றார். எனக்குச் சந்தோஷம்தான். நானும் உன் மாமாவும் ஆடாத வாரம் உண்டா? காலையில் கிளம்பினோம், நான், மாமா, நைஜல், அவர் மனைவி டாஃப்னி. டாஃப்னி ஆடுவதில்லை, சும்மா கூட நடந்து வந்தாள். காரின் பின்கதவைத் திறந்து அந்த மனுஷன் சாமான்களை இறக்கியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஒவ்வொரு மட்டைக்கும் தனியாகக் கம்பளிக் குல்லாய், கைக்கு வெள்ளை உறை, பையை ஏற்ற மூன்று சக்கர வண்டி, ஊர்வலத்துக்கு ராஜா புறப்பட்டமாதிரி. மாமா தன் தாத்தா காலத்துத் தோள்பையை மாட்டிக்கொண்டு, என்ன சார், ஒரு மாசம் தங்கிட்டுப் போறதா உத்தேசமா என்று கேட்டான். டாஃப்னி சிரித்தாள். அவர் திரும்பி அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

முதல் குழியிலேயே ஆரம்பித்துவிட்டது. இது மைதானமா மேய்ச்சல் நிலமா, இந்தக் குழியைச் சுற்றி எதுக்குக் கம்பி வேலி, எங்கள் ஊரில் இப்படி இருந்தால் நாயைக்கூட உள்ளே விடமாட்டோம் என்று ஒரே புலம்பல். ஆடுகள் குழிப்பக்கம் வராமலிருக்க வேலி என்றேன். இந்த நாத்தம் பிடிச்ச ஆடெல்லாம் யாரோடது என்றார். எங்களோடதுதான், நேத்து ராத்திரி ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அந்த ஆட்டோட சொந்தபந்தம்தான் இவங்கல்லாம் என்றேன். அதற்கப்புறம் இரண்டு குழி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. வாய்தான் சும்மா இருந்தது, கால் சும்மா இல்லை. பந்து காட்டுப்புல்லுக்குள் போகும்போதெல்லாம் இவர் முன்னால் போய் நிற்பார், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பந்து எழும்பி நல்ல புல்லில் அழகாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பந்துக்கு மட்டும் கால் முளைத்திருந்தது. அடித்த அடிகளைக் கணக்குச் சொல்லும்போது பாதியை மறந்துவிடுவார். மாமா என் காதில், அக்கா, சம்பந்தியாச்சே, விட்டுத்தள்ளு, நம்ம பொண்ணு சந்தோஷமா இருக்கணும் என்றான். உனக்காக விட்டுத்தள்ளினேன் கிர்ஸ்டி, அதையும் தெரிந்துகொள். நம் ஊரில் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவனோடு பேசலாம், கோல்ஃபில் ஏமாற்றுகிறவனோடு யாராவது பேசிப் பார்த்திருக்கிறாயா?

ஆறாவது குழியை நீ மறந்திருக்கமாட்டாய். நடுவில் மேடு, அந்தப் பக்கம் இறக்கத்தில் குழி, இங்கிருந்து ஒன்றும் தெரியாது. யாராவது மேட்டைத் தாண்டிப் போய் ஆடுகளைத் துரத்திவிட்டு, ஒதுங்கி நின்று கம்பத்தில் தொங்குகிற மணியை அடிக்க வேண்டும், அப்புறம்தான் இங்கிருந்து பந்தை அடிக்க வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து உனக்குத் தெரிந்த வழக்கம். அந்த மனுஷனுக்கும் மாமா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் மேடேறிப் போனான். ஆடுகள் கிளம்பக் கொஞ்சம் நேரமாகும் இல்லையா, இவருக்குப் பொறுக்கவில்லை. மட்டையை வீசி வீசிப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், தூங்கிட்டானா உன் தம்பி என்கிறார். பிறகு பந்துக்குப் பின்னால் வந்து காலை அகட்டி நின்றார். நான், இன்னும் மணி அடிக்கலையே என்றேன். டாஃப்னியும், இருங்க நைஜல், மணி அடிக்கட்டும் என்றாள். அவள் வாய் மூடவில்லை, இவர் அடித்துவிட்டார். அன்றைக்கு அவர் அடித்ததிலேயே நேராகப் போனது அது ஒன்றுதான். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் சத்தம் கேட்டது. மணிச் சத்தம் இல்லை.

என் முழங்காலோடு நான் அப்படி ஓடியதே இல்லை. மாமா புல்லில் உட்கார்ந்திருந்தான், புருவம் பிளந்து விரலிடுக்கு வழியாக ரத்தம் ஓடுகிறது, சுற்றி நம் ஆடுகள் நின்று வேடிக்கை பார்க்கின்றன. கண் இருக்கான்னு பாரு அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியலே என்றான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்குக் கண் போனால் வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது சொல். டாஃப்னி என் பின்னாலேயே ஓடி வந்து, கழுத்திலிருந்த பட்டுத் துணியை அவிழ்த்து அவன் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உன் வருங்கால மாமனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஏதோ சாயங்காலம் உலாத்துகிற மாதிரி மேடேறி வந்தார். வந்தவர் மாமாவைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் தேடினார். அவர் பந்து மாமாவின் நெற்றியில் பட்டுத் தெறித்து, குழிக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது. ஆள்மேல் பட்டாலும் பந்து கிடந்த இடத்திலிருந்துதான் ஆடணும், விதி அப்படித்தானே என்று என்னைக் கேட்டார். விதி அப்படித்தான். அன்று முழுக்க அவர் மதித்த ஒரே விதி அதுதான். அந்த மனுஷன் கம்பி வேலியைத் தாண்டிப் போய், குனிந்து குறி பார்த்து, பந்தைக் குழிக்குள் தள்ளி, ரெண்டே அடி என்று அறிவித்தார். என் தம்பி அப்போது வாய்க்குள் வழிந்த ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தான்.

துப்பிவிட்டு, நான்தான் இன்னும் மணி அடிக்கலையே சார் என்றான். அடிச்சே, எனக்குக் கேட்டுது, அடிச்சிட்டுக் குறுக்கே ஓடினே என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். நான் வாயைத் திறக்கும் முன் டாஃப்னி சொன்னாள், மணி அடிக்கலை நைஜல், நான் இருங்கன்னு சொன்னேன், உங்களுக்கும் கேட்டுது. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரி ஒரு வார்த்தை அவளிடமிருந்து கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. கார் சாவியைக் கொடுங்க என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். அவரை அங்கேயே ஆடுகளோடு விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில் மழை வேறு பிடித்துக்கொண்டது, அதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்கமாட்டேன்.

தையல் போட்ட டாக்டர், பந்து இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார். பார்வைக்கு ஒன்றுமில்லை, வீக்கம் வடிந்ததும் பஸ் ஓட்டலாம் என்றும் சொன்னார், அதனால் நீ அழாதே. வெளியே காத்திருந்தபோது டாஃப்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கேட்டதெல்லாம் எனக்கும் கேட்டுதுன்னு சொல்லிச் சொல்லியே என் காலம் போயிடுச்சு ரோனா என்றாள். ஏட்ரியனுக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்தித் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனா அவன் என்கிட்ட எதையும் கேட்கமாட்டான், கேட்டா நான் சொல்லிடுவேனோன்னு அவனுக்குப் பயம் என்றாள். மறுநாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். டாஃப்னி இறங்கி வந்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாள், அவள் கேட்க வேண்டியதே இல்லை. கேட்க வேண்டியவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அப்பா ஆடுகளை அவசரமில்லாமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார், அதனால் அந்தக் கார் வெகுநேரம் நம் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் மாமா சொன்னான். பந்து பட்டதைப் பொறுத்துக்கொள்வேன், அது யார் கைக்கும் தப்பும். பொய்யை மூன்று பேர் கை மாற்றி என் மகள் வாயிலிருந்தே எனக்கு அனுப்பி வைத்தார்களே, அதைத்தான் பொறுக்கமுடியவில்லை. ஏட்ரியன் நல்ல பையன் என்கிறாய், இருக்கட்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவன் தன் அம்மாவைப்போலவும் இருக்கலாம். அப்பனைப் பார்த்துப் பிள்ளையை எடைபோட நான் யார்? ஆனால் அக்டோபரில் கல்யாணம் என்று நாள் குறிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டவேண்டாம். மணி அடித்ததா இல்லையா என்று தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல், அது போதும்.

குளிர் வருமுன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள், போன வருஷம் மாதிரி கால்விரலெல்லாம் வீங்கவிட்டுக்கொண்டு நிற்காதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறவனோடு நீ நெடுநாள் வாழவேண்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம். மாமா தன் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டி உனக்கு முத்தம் அனுப்பச் சொல்கிறான். இங்கே அப்போது மணி என்ன ஆனாலும் சரி, ஏட்ரியன் தன் அம்மாவுக்குப் போன் போட்டானா இல்லையா என்பதை எனக்குச் சொல். போடமாட்டேன் என்றால் அதையும் சொல், உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா ரோனா