பாடகனுக்குப் போட்ட மொட்டை

அன்புள்ள செல்விக்கு,

நாசிக்கில் நான் திடமாக இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அழுதுவிடுகிறாய் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பன் உயிரோடு இருக்கையில் மகன் மொட்டை போட்டுவிட்டான் என்று அருளோடு எட்டு நாளாக நீ பேசவில்லையாம். ராக் பாடகன் ஜெர்சன் செத்துப்போனதும், அவனைப் போலவே முடி வளர்த்த பையன்கள் எல்லாரும் சேர்ந்து போய் மழித்திருக்கிறார்கள். அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வெங்காய மண்டியில் தினமும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மொட்டைத் தலையோடு விளாங்குடியில் ஜெர்சன் வீட்டுக்குப் போனார்களாம். அவன் அம்மா ஞானம் டீச்சர், "எங்கள்ல இந்தப் பழக்கம் இல்லையேப்பா" என்றாராம். பிறகு ஒவ்வொரு தலையாகத் தடவி, "வெயில்ல வந்திருக்கீக, சாப்பிட்டீகளாடா?" என்று கேட்டாராம். இதைப் போனில் சொல்லிக்கொண்டிருந்த அருள் பாதியில் வைத்துவிட்டு, பிறகுதான் திரும்பக் கூப்பிட்டான்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று. என்னைப் பெற்ற அய்யா இறந்தபோது ஊருக்கு வர முடியாமல் இங்கேயே மொட்டை போட்டேன் அல்லவா? மறுநாள் மண்டியில் நம்மூர் லாரி டிரைவர், "என்னண்ணே, திருப்பதியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வருகிற லாரியில் நார்த்தங்காய் ஊறுகாயும் நல்லெண்ணெயும் கொடுத்துவிடு. இங்கே வாங்கும் எண்ணெயில் வாசமே இல்லை. லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

இன்றைக்கே அருள் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் துக்கம் கேள்.

உன்,
சோலைராஜா